வீட்டில் நாய் குட்டி போடப்போகிறதா?

பெட்டை நாய்க்குப் பிரசவத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தானே ஈன்று, பனிக்குடத்தைப் பல்லால் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டியை நக்கி மூச்சுவிட வைத்து, மடிக்கு இழுத்துக்கொள்ளும். பெரும்பாலான ஈத்துகள் இப்படித்தான் நல்லபடியாக முடிகின்றன. கோளாறு நேரும் சில ஈத்துகளில்தான் வீட்டில் இருக்கும் நாம் தேவைப்படுகிறோம். எது இயல்பு, எது ஆபத்து என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் தாயையும் குட்டிகளையும் காப்பாற்ற நேரம் கிடைக்கும். தெரியாதவர் இருந்தால், நன்றாக நடந்துகொண்டிருக்கும் பிரசவத்தில் தேவையில்லாமல் கைவைப்பார்; டாக்டரிடம் ஓட வேண்டிய நேரத்தில் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருப்பார். முதல்முறையாக இதைச் சந்திக்கும் குடும்பங்களுக்காகவே இந்த விளக்கம்.

நாள் கணக்கு

நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். ஆனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 நாள்வரை முன்பின்னாக வரும். ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் பல நாள் உயிரோடு இருப்பதும், கருமுட்டை வெளிவந்த பிறகு முதிர்வதற்கு இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்வதும் இதற்குக் காரணம். ஆகவே இணை சேர்ந்த எல்லா நாள்களையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சேர்ந்து நான்கு வாரம் ஆனதும் ஸ்கேன் எடுத்தால் சினைதானா என்று தெரியும். குட்டிகள் எத்தனை என்று ஸ்கேனில் சரியாக எண்ண முடியாது. அதற்கு 55 நாள் கடந்தபின் ஓர் எக்ஸ்ரே வேண்டும். குட்டிகளின் எலும்பு உறுதிப்பட்டிருப்பதால் மண்டையோடுகளை எண்ணிவிடலாம். இந்த எண்ணிக்கை பிரசவ இரவில் பெரிய பலம். ஆறு என்று தெரிந்திருந்தால், ஐந்தாவது குட்டியோடு தாய் ஓய்ந்து படுத்துவிட்டாலும் இன்னும் ஒன்று உள்ளே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே குட்டிதான் என்றால் அதையும் மருத்துவரிடம் முன்பே பேசிவிட வேண்டும். ஒற்றைக் குட்டி பெரிதாக வளர்ந்துவிடுவதும், வலியே சரியாகத் தொடங்காமல் போவதும் உண்டு.

பக், புல்டாக் போன்ற தட்டை முக இனங்களில் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல். இவற்றுக்கு அறுவை சிகிச்சை அடிக்கடி தேவைப்படும் என்பதால் வீட்டில் முயன்று பார்ப்பது ஆபத்து. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் போன்ற நம் ஊர் நாய்களும் கலப்பின நாய்களும் பொதுவாகச் சிரமமில்லாமல் ஈனும். எந்த இனமாக இருந்தாலும், இரவில் போன் எடுக்கும் மருத்துவர் யார், எந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்வார்கள், அங்கே போக வண்டி யாருடையது என்ற மூன்றையும் 55ஆம் நாளுக்குள் முடிவு செய்துவிடுங்கள். கால்நடை ஊர்தியை அழைக்கும் 1962 என்ற எண்ணையும் குறித்து வைத்து, அது உங்கள் பகுதியில் எந்த நேரத்தில் இயங்கும் என்று பகலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சினை நாய்க்குச் சாப்பாடு

முதல் ஐந்து ஆறு வாரம் வழக்கமான சாப்பாடே போதும். கடைசி மூன்று வாரத்தில் வயிற்றில் இடம் குறைவதால் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று நான்கு வேளை கொடுங்கள். மொத்த அளவு கால் பங்கிலிருந்து அரைப் பங்குவரை கூடலாம். வெறும் பால்சோறும் தயிர்சோறும் போதாது. முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி, மீன், அல்லது குட்டிகளுக்கென்று விற்கும் நாய் உணவு வேண்டும். அதில் புரதமும் சத்தும் அடர்த்தியாக இருப்பதால் சினை நாய்க்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் பொருந்தும்.

பாசத்தால் பல வீடுகளில் செய்வது, சினைக்காலம் முழுக்கக் கால்சியம் சிரப் ஊற்றுவது. இது நன்மைக்குப் பதில் தீமை செய்யும். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும் சுரப்பி வேலை செய்யாமல் ஓய்ந்துவிடும். குட்டிகள் பாலை உறிஞ்சத் தொடங்கும்போது திடீரென்று கால்சியம் நிறையத் தேவைப்படும். அப்போது அந்தச் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. இரத்தத்தில் கால்சியம் சரிந்து நாய்க்கு இழுப்பு வரும். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் கொடுக்க வேண்டாம்.

குடற்புழு மருந்தையும் உண்ணி மருந்தையும் மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே முடித்துவிடுங்கள். தாயின் உடலில் உறங்கிக்கிடக்கும் உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள் கருவிலேயே குட்டிக்குப் போகின்றன. கொக்கிப் புழு பால் வழியாகப் போகிறது. உண்ணி மொய்த்த தாயிடம் வளரும் பச்சைக்குட்டி இரத்தம் குறைந்து சோகை பிடித்துச் சாகும்.

ஈனும் இடம்

நாள் நெருங்குவதற்குப் பத்து நாள் முன்பே இடத்தைத் தயார் செய்து, தாயை அங்கே படுக்கவிட்டுப் பழக்குங்கள். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் சத்தமும் குறைந்த மூலை வேண்டும். தாய் நான்கு காலையும் நீட்டிப் படுத்துத் திரும்பும் அளவுக்கு ஒரு மரப்பெட்டியோ, பக்கவாட்டில் வெட்டிய பெரிய அட்டைப்பெட்டியோ போதும். தாய் தாண்டி வெளியே போகவும், குட்டி உருண்டு வெளியே வராமல் இருக்கவும் சுவர் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெட்டியின் உள்சுவரை ஒட்டி, தரையிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கட்டையோ குழாயோ பொருத்தினால், தாய் சுவரோடு சாயும்போது குட்டி நசுங்காமல் அந்த இடுக்கில் தப்பித்துக்கொள்ளும்.

அடியில் செய்தித்தாள், மேலே பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டி. நூல் பிரிந்த துணி, ஓட்டை விழுந்த கம்பளி, சாக்கு வேண்டாம். குட்டியின் கால் சிக்கிக்கொள்ளும். தரையைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். அந்த நெடியும் மிச்சமும் பச்சைக்குட்டிக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும்.

கைக்கு எட்டும் தூரத்தில் இவை இருக்கட்டும்: டிஜிட்டல் தெர்மாமீட்டர், சுத்தமான துண்டுகள் பத்துப் பன்னிரண்டு, கொதிக்க வைத்த கத்தரிக்கோல், தடித்த வெள்ளை நூல், போவிடோன் அயோடின், கையுறை, குழந்தைகளுக்குச் சளி உறிஞ்சும் சிறு ரப்பர் பல்பு, சமையலறை எடைத்தராசு, வெந்நீர் பாட்டில், நோட்டும் பேனாவும். நோட்டு எதற்கு என்றால், ஒவ்வொரு குட்டியும் பிறந்த நேரம், எடை, அடையாளம், நஞ்சுக்கொடி வந்ததா என்று எழுத. நள்ளிரவில் மருத்துவரிடம் போனில் பேசும்போது அந்தப் பக்கம்தான் உதவும்.

வலி வரும் அறிகுறிகள்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். கடைசி வாரத்தில் காலையும் மாலையும், தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் வைத்துப் பார்த்து எழுதி வாருங்கள். திடீரென்று 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி போடும். சினையைத் தாங்கிப் பிடித்த ஹார்மோன் சரிவதால் வரும் இறக்கம் இது. சில மணி நேரத்தில் வெப்பம் மறுபடி ஏறிவிடும் என்பதால் ஒருநாள் பார்க்காமல் விட்டாலும் தவறிப்போகலாம்.

முதல் கட்டத்தில் கருப்பை வாய் திறக்கிறது. வயிறு இறுகுவது வெளியே தெரியாது. நாய் நிலைகொள்ளாமல் அலையும், மூச்சிரைக்கும், நடுங்கும், துணியைப் பிறாண்டி மூலையில் குவிக்கும், சாப்பாட்டை ஒதுக்கும், சிலது வாந்தி எடுக்கும். பொதுவாக இது 6 முதல் 12 மணி நேரம். தலையீத்து நாய்க்கு ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். தண்ணீர் வைத்துவிட்டு, அது நம்பும் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட இது நேரமில்லை. பயந்த நாய்க்கு வலி நின்றுபோவது உண்டு.

குட்டி வரும் நேரம்

இரண்டாம் கட்டத்தில் வயிறு இறுகுவது கண்ணுக்குத் தெரியும். நாய் முக்கத் தொடங்கும். பனிக்குடம் நீர்க்குமிழிபோல வெளியே தெரியலாம், உள்ளேயே உடையவும் செய்யலாம். குட்டி தலை முன்னே வந்தாலும் சரி, பின்னங்கால் முன்னே வந்தாலும் சரி, நாய்க்கு இரண்டும் இயல்புதான். பத்துக் குட்டியில் நான்கு பின்னங்காலோடு வருவதுண்டு. பின்னங்கால்கள் உள்ளே மடங்கி, வாலும் புட்டமும் மட்டும் முன்னே வந்தால்தான் சிக்கல்.

குட்டி விழுந்ததும் தாய் உறையைக் கிழித்து நக்கும். ஒரு நிமிடம் பாருங்கள். அது கிழிக்காவிட்டால் நீங்கள் குட்டியின் மூக்குப் பக்கம் உறையைக் கிழித்து, வாயையும் மூக்கையும் துடைத்து, சளியை பல்பால் உறிஞ்சுங்கள். தலையைச் சற்றே தாழ்த்திப் பிடித்து, துண்டால் முதுகையும் மார்பையும் அழுத்தித் தேயுங்கள். இந்தத் தேய்ப்புதான் மூச்சைத் தூண்டும். குட்டியைக் கையில் பிடித்து வீசி உதறுவது பழைய வழக்கம். மூளையில் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. முன்னங்காலுக்குப் பின்னால் விரல்களுக்கிடையே மார்பைப் பிடித்துப் பார்த்தால் இதயத் துடிப்பு தெரியும். துடிப்பு இருக்கும்வரை, குட்டி சூடாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு தேய்ப்பதைக் கைவிடாதீர்கள். கால் மணி நேரம் கழித்து வீறிட்டு அழுத குட்டிகள் உண்டு.

தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால், வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, நுனியை போவிடோன் அயோடினில் தோய்க்கவும். கொடியைக் குட்டியின் வயிற்றுப் பக்கமிருந்து இழுத்துவிட வேண்டாம், குடலிறக்கம் வரும். சாம்பலோ மஞ்சளோ பூச வேண்டாம்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி வர வேண்டும். குட்டியோடோ, கால் மணி நேரத்துக்குள்ளோ, சிலநேரம் இரண்டு குட்டிக்கு இரண்டாகச் சேர்ந்தோ வரும். தாய் அதைத் தின்பது இயல்பு. நிறையத் தின்றால் வயிறு கெடும் என்பதால் ஒன்றிரண்டுக்கு மேல் விடாமல் எடுத்துவிடலாம். எண்ணிக்கையை எழுத மறக்காதீர்கள். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் தாய் அமைதியாகப் படுத்துப் பால் கொடுத்தால் நல்லது. குட்டி சப்பச் சப்ப அடுத்த வலி பலப்படும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நேரங்கள்

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டிவிடுங்கள்.

• பலமாக, இடைவிடாமல் முக்கி 30 நிமிடம் ஆகியும் குட்டி வரவில்லை.
• விட்டுவிட்டு மெல்ல முக்கி 2 மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை.
• உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும், முந்தைய குட்டி பிறந்து 2 மணி நேரம் கடந்துவிட்டது.
• முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வடிகிறது. நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, குட்டிக்கு உயிர்க்காற்று நிற்கிறது என்று இதற்குப் பொருள். முதல் குட்டிக்குப் பிறகு இதே நிறம் வந்தால் இயல்பு.
• குட்டியின் ஒரு பகுதி வெளியே தெரிந்து பத்து நிமிடமாக அங்கேயே நிற்கிறது.
• வெப்பம் இறங்கி 24 மணி நேரம் கடந்தும் வலி தொடங்கவில்லை. அல்லது கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 68 நாள் தாண்டிவிட்டது.
• புது இரத்தம் கொட்டுகிறது, துர்நாற்றம் வீசுகிறது, தாய் துவண்டு விழுகிறது.

பாதி வெளியே வந்து சிக்கிய குட்டிக்கு மட்டும், மருத்துவர் தொலைவில் இருந்தால் நீங்கள் உதவலாம். சுத்தமான துண்டால் குட்டியின் உடலை வழுக்காமல் பிடித்து, தாய் முக்கும்போது மட்டும், தாயின் பின்னங்கால்களை நோக்கிக் கீழ்வாட்டில் மெதுவாக இழுக்க வேண்டும். ஒற்றைக் காலையோ தலையை மட்டுமோ பிடித்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது.

வலி வரவைக்கும் ஊசியை மருந்துக்கடையில் வாங்கி வீட்டில் போடுவது மிகக் கொடிய தவறு. குட்டி குறுக்கே அடைத்திருக்கும்போது ஆக்ஸிடோசின் போட்டால் கருப்பை கிழியலாம், தாய் இறக்கலாம். அடைப்பு இல்லை என்று பார்த்துவிட்டு மருத்துவர்தான் அதைப் போட வேண்டும். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பிறந்த குட்டிகளையும் அட்டைப்பெட்டியில், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு எடுத்துச் செல்லுங்கள்.

பிறந்த குட்டிக்கு முதலில் சூடு

பச்சைக்குட்டிகள் சாவதற்குப் பெரிய காரணங்கள் குளிர், பசி, தொற்று. பெரும்பாலும் இதே வரிசையில்தான் அவை வரும். முதல் வாரத்தில் குட்டிக்கு நடுங்கத் தெரியாது. தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. அதன் உடல் வெப்பம் 95 முதல் 99 டிகிரி பாரன்ஹீட்தான். அதற்கும் கீழே போனால் குட்டி சப்பும் வலுவை இழக்கும், குடல் அசைவு நிற்கும். அந்த நிலையில் பாலை ஊற்றினால் செரிக்காமல் உள்ளேயே தங்கும், நுரையீரலுக்கும் போகலாம். அதனால் சில்லிட்ட குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். சூட்டையும் படிப்படியாக, ஒன்று முதல் மூன்று மணி நேரம் எடுத்து ஏற்ற வேண்டும். உங்கள் நெஞ்சோடு துணிக்குள் அணைத்து வைத்துக்கொள்வது நல்ல தொடக்கம். வெந்நீரில் முக்குவது, அடுப்பருகே வைப்பது எல்லாம் ஆபத்து.

பெட்டியில் குட்டிகள் படுக்கும் பகுதி முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரண்டாம் வாரம் 26 முதல் 29 டிகிரி இருக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் கோடைக்காலத்தில் இதற்குத் தனியாகச் சூடே வேண்டியதில்லை; ஏசிக் காற்றும் மின்விசிறியும் நேராகப் படாமல் இருந்தால் சரி. வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் வெக்கையாலேயே குட்டிகள் செத்துப்போகும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும், மார்கழி இரவுகளிலும், அடைமழை நாள்களிலும் சூடு கட்டாயம். பெட்டியின் ஒரு பாதிக்கு மேல் மட்டும் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். மறுபாதி குளிர்ந்திருந்தால் தாய் அங்கே தள்ளிப் படுத்துக்கொள்ளும். வெந்நீர் பாட்டிலை நேராக வைக்காமல் துணி சுற்றி வையுங்கள்.

தெர்மாமீட்டரைவிடக் குட்டிகளே நன்றாகச் சொல்லிவிடும். ஒன்றன்மேல் ஒன்று குவிந்து முனகினால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் வாய் பிளந்து கிடந்தால் புழுங்குகிறது. பக்கத்துப் பக்கத்தில் தளர்வாகப் படுத்து, தூக்கத்தில் கால்கள் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. அந்தத் துடிப்பைப் பார்த்து இழுப்பு என்று பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான குட்டியின் உறக்கம் அப்படித்தான்.

சீம்பாலும் எடைத்தராசும்

தாயின் முதல் பாலான சீம்பாலில்தான் குட்டிக்கு வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. கருவிலிருக்கும்போது குட்டிக்கு அது மிகச் சிறிதளவே கிடைக்கும். சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்களை அப்படியே உள்வாங்கும் திறன் குட்டியின் குடலுக்குப் பிறந்து சுமார் ஒரு நாள்தான் இருக்கும். நேரம் ஆக ஆக அதுவும் குறையும். எனவே முதல் சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் காம்பைப் பிடித்ததா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பலவீனமான குட்டியைப் பின்னங்கால் பக்கத்துக் காம்பில் பிடித்துவிடுங்கள். அங்கேதான் பால் அதிகம். காம்பைவிடக் குட்டிகள் அதிகமென்றால் இரண்டு அணியாகப் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி விடலாம்.

முதல் நாளே ஒவ்வொரு குட்டியின் வாயையும் திறந்து மேலண்ணம் பிளந்திருக்கிறதா என்றும், ஆசனவாய் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பால் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால் அண்ணப் பிளவாக இருக்கலாம்.

பிறகு தராசு. முதல் நாள் எடை சிறிது குறையலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் கவலைப்பட வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து தினமும் 5 முதல் 10 சதவீதம் ஏறி, ஏழு முதல் பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். நோயுறும் குட்டி வெளியே தெரியும்படி சோர்வதற்கு முன்பே அதன் எடை நின்றுவிடும். ஒரு நாள் எடை ஏறவில்லை என்றால் கவனியுங்கள். இறங்கினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஓயாமல் கத்தும் குட்டி, தனியே விலகித் துவண்டு கிடக்கும் குட்டி, தொட்டால் சில்லென்றிருக்கும் குட்டி மூன்றுக்கும் நேரம் மிகக் குறைவு.

தாயை மறந்துவிடாதீர்கள்

குட்டிகளைப் பார்க்கும் ஆவலில் தாயை விட்டுவிடுவது நடக்கும். ஈன்றதும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்பக்கத்தைத் துடைத்து உலர்த்துங்கள்; குளிப்பாட்ட வேண்டாம். பத்தியம் என்று சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. குட்டிகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும்போது பால் உச்சத்தில் இருக்கும். அப்போது தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உணவும், எந்நேரமும் தண்ணீரும் வேண்டும்.

செம்பழுப்பு நிறக் கசிவு சில வாரம் வருவது இயல்பு. நாளுக்கு நாள் குறைய வேண்டும். நாற்றமடித்தாலோ, காய்ச்சலோடு தாய் குட்டிகளை ஒதுக்கினாலோ கருப்பையில் தொற்று என்று எண்ண வேண்டும். மடியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் கல்லாகி, சிவந்து, வலித்தால் மடிவீக்கம். குட்டிகளின் நகம் கீறுவதும் ஒரு காரணம் என்பதால் வாரம் ஒருமுறை நகநுனியை வெட்டிவிடுங்கள்.

மிக அவசரமானது, முன்பு சொன்ன கால்சியச் சரிவு. ஈன்ற முதல் நான்கு வாரத்தில், குறிப்பாக நிறையக் குட்டி போட்ட சிறிய இன நாய்களுக்கு வரும். ஓயாத மூச்சிரைப்பு, பதற்றம், விறைத்த நடை, தசைத் துடிப்பு என்று தொடங்கிக் கடும் காய்ச்சலும் இழுப்புமாக முடியும். சில மணி நேரத்தில் உயிர் போகும். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே தூக்கிச் செல்லுங்கள். மருத்துவர் நரம்பு வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் நாய் எழுந்துவிடும்.

தாய்ப்பால் இல்லாத குட்டிகள்

தாய் இறந்துவிட்டால், பால் ஊறாவிட்டால், நாம்தான் தாய். நாய்ப்பாலில் பசும்பாலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு புரதமும் கொழுப்பும் இருக்கின்றன, பால்சர்க்கரை குறைவு. பசும்பாலை மட்டும் ஊற்றினால் குட்டி இளைக்கும், கழியும். நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடரை டப்பாவில் உள்ள அளவுப்படி வெந்நீரில் கரைத்து, உங்கள் மணிக்கட்டில் விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் சூட்டில் கொடுங்கள். முதல் வாரம் இரவு பகல் பாராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. 100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி போதும்; சிறிய வயிறு அதற்கு மேல் தாங்காது.

மனிதக் குழந்தையைப்போல மல்லாத்திப் பால் புகட்டாதீர்கள். குட்டி குப்புறப் படுத்து, தலையை மட்டும் சற்று நிமிர்த்திக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியா வரும். மூன்று வாரம்வரை குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்காது. தாய் நக்கித்தான் கழிக்கவைக்கும். அந்த வேலையையும் நீங்கள் செய்ய வேண்டும். வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் மெல்லத் தடவிவிடுங்கள். பக்கத்தில் வேறு நாய் ஈன்றிருந்தால், அது ஏற்றுக்கொண்டால், அதைவிட நல்ல வழி கிடையாது.

வாரம் வாரமாக

இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள். இமையை நாம் பிரிக்கக் கூடாது. கண் திறக்குமுன் இமைக்கடியில் வீங்கிச் சீழ் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த சில நாளில் காது திறக்கும். முழு வெள்ளை நிற இராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு காணப்படுவதால், நான்காம் வாரத்தில் பின்னால் நின்று கைதட்டி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாம் வாரம் முடிந்ததும் முதல் குடற்புழு மருந்து. பிறகு எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார். அதே நாளில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டிகளின் மலத்தில் இருக்கும் புழுமுட்டைகள் குழந்தைகளின் உடலுக்குள்ளும் போகும் என்பதால், குட்டியைத் தூக்கிய பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

மூன்றாம் வாரத்தில் பல் முளைக்கும், தத்தி நடக்கும். மூன்றரை வாரத்தில் ஊறவைத்து மசித்த குட்டி உணவையோ, குழைந்த சோற்றில் நன்றாக மசித்த கோழிக்கறியையோ தட்டையான தட்டில் வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய்ப்பால் தானாக நிற்கும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான இந்த ஊசியை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையை மறைத்துவிடலாம் என்பதால்தான் இத்தனை முறை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். இவை முடியும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை குட்டி உலகத்தைப் பழகும் பருவம். குக்கர் விசில், மிக்ஸி, ஆட்டோ ஹாரன், முதியவர், குழந்தை எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்க்கவிடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் அது கற்கிறது. ஆகவே எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு விற்பனை விதிகளும் தடை செய்கின்றன.

தெருநாய் ஈன்றிருந்தால்

வாசலிலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ தெருநாய் ஈன்றிருந்தால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். மனித வாசனை பட்டாலே தாய் ஒதுக்கிவிடும் என்பது பொதுவாக உண்மை கிடையாது. ஆனால் தொந்தரவு கூடினால் அது குட்டிகளை ஆபத்தான வேறு இடத்துக்குக் கவ்விச் செல்லும். மழையும் வெயிலும் படாமல் ஒரு மறைப்பு, சற்றுத் தள்ளி சோறும் தண்ணீரும், இவ்வளவு போதும். குட்டியைக் காக்கும் தாய் கடிக்கும். தாயோ குட்டியோ கடித்தாலும் கீறினாலும் காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஈத்துக்கு முன்

ஓர் ஈத்தில் பிறந்த ஆறேழு குட்டிக்கும் நல்ல வீடு தேடுவது, பிரசவம் பார்ப்பதைவிடக் கடினம். வீடு கிடைக்காத குட்டிகள் தெருவில் விடப்படுகின்றன. அவற்றில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. நாய் ஒருமுறையாவது குட்டி போட வேண்டும், இல்லாவிட்டால் நோய் வரும் என்று சொல்வதில் உண்மையில்லை. கருத்தடை செய்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் ஏறத்தாழ வராமலே போய்விடுகிறது. குட்டிகள் பால் மறந்து, மடி வற்றியதும் தாயை மருத்துவரிடம் அழைத்துச் சென்று கருத்தடைக்கு நாள் கேளுங்கள். குட்டிகளை வாங்கிச் செல்பவர்களிடமும் தடுப்பூசி அட்டையைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லி அனுப்புங்கள்.